வார்த்தையும் இடமும்: அவதாரிகையை ஏன் முதலில் படிக்க வேண்டும்?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வ்யாக்யானங்களைப் படிக்கத் தொடங்குகிறவர்களில் பலர் அவதாரிகையைத் தாண்டிவிட்டு நேரே பதவுரைக்குப் போய்விடுவதுண்டு. சொல்லுக்குப் பொருள் தெரிந்துவிட்டால் பாசுரத்துக்கும் பொருள் தெரிந்துவிட்டது என்ற எண்ணமே இதற்குக் காரணம். அடியேனும் நெடுநாள் அப்படித்தான் படித்துவந்தேன். வணிகவியல் பயின்று, வாழ்நாளில் பெரும்பகுதியை வங்கிக் கணக்குகளோடு கழித்தவனுக்கு, காகிதத்தில் எழுதியிருப்பது எதுவோ அதுவே பொருள் என்று தோன்றுவது இயல்புதானே! அது அப்படியன்று என்று முதலில் கற்பித்ததும் அதே வங்கிதான்.

1. ஒரு சொல், இரண்டு கோப்புகள்

பணியில் சேர்ந்த புதிதில் அடியேன் ஒரு சிற்றூர்க் கிளையில் இருந்தேன. கிளைக்கு வேண்டிய காகிதம், பேரேடு முதலியவை வாங்குவதற்கான குறிப்பை மேலாளரிடம் வைத்தால், அவர் ஓரத்தில் 'ஸீன்' என்று எழுதிச் சுருக்கொப்பம் இடுவார். 'பார்த்தேன்' என்பது அதன் பொருள். உடனே பொருள்களை வாங்கிவிடுவோம். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. ஒருநாள் பம்பு செட்டுக்காகக் கடன் கேட்ட விவசாயி ஒருவரின் விண்ணப்பத்தின் ஓரத்திலும் அதே சொல்லும் அதே சுருக்கொப்பமும் இருந்தன. அடியேன் பணத்தைக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. "பார்த்தேன் என்றுதானே எழுதினேன்? கொடுக்கலாம் என்று எங்கே எழுதினேன்?" என்றார் மேலாளர்.

சொல் ஒன்றுதான். காகிதக் குறிப்பில் அது அனுமதி. கடன் விண்ணப்பத்தில் 'என் மேசைக்கு வந்தது' என்பதற்குமேல் ஒன்றுமில்லை. அகராதியில் எத்தனை முறை தேடினாலும் இந்த வேறுபாடு கிடைக்காது. எந்தக் கோப்பில், யார், எதற்காக எழுதினார் என்பதில்தான் அது இருந்தது. நல்லவேளையாக அந்த விவசாயி தவணை தவறாமல் கட்டி முடித்தார், அடியேன் தப்பினேன். படித்த பாடம் மட்டும் மறக்கவில்லை.

2. சொல்லின் பொருளும் சொல்பவன் கருத்தும்

சொல்லுக்கு உரிய பொருள் ஒன்று. அதைச் சொல்பவன் அவ்விடத்தில் கருதுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வழியை ஆராயும் துறையை மேலைநாட்டு மொழியியலார் 'ப்ராக்மாடிக்ஸ்' என்கிறார்கள். சூழலைக் கொண்டு பொருள் காணும் முறை என்று நாம் வைத்துக்கொள்ளலாம். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் கற்பித்த ஆஸ்டின் என்பவர் 1955-இல் ஹார்வர்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளும், க்ரைஸ் என்பவர் அங்கேயே 1967-இல் நிகழ்த்தியவையும் இத்துறைக்கு அடித்தளம் என்பர். ஆஸ்டின் காட்டியது: வார்த்தை செய்தியைச் சொல்வதோடு நிற்பதில்லை, வாக்களித்தல், வாழ்த்துதல், மன்னிப்புக் கேட்டல் போன்ற செயல்களையும் செய்கிறது. க்ரைஸ் காட்டியது: ஒருவர் சொன்னது அவ்விடத்துக்குப் பொருந்தாததுபோல் தோன்றினால், கேட்பவர் அதைப் பிதற்றல் என்று தள்ளுவதில்லை, 'இவர் இதை இங்கே சொல்லக் காரணம் என்ன?' என்று தேடி உட்கருத்தைக் கண்டுகொள்கிறார்.

நம் நாட்டார்க்கு இது புதிதன்று. வடமொழி சாஸ்திரங்களில் வழங்கும் ஓர் உதாரணம் பலரும் கேட்டிருக்கக்கூடும். 'ஸைந்தவம்' என்ற சொல்லுக்கு உப்பு என்றும் பொருள், குதிரை என்றும் பொருள். இரண்டும் ஸிந்து தேசத்திலிருந்து வந்தவை. உணவருந்த அமர்ந்தவர் ஸைந்தவம் கேட்டால் உப்பைக் கொண்டுவர வேண்டும்; பயணத்துக்குப் புறப்பட்டவர் கேட்டால் குதிரையைக் கொண்டுவர வேண்டும். வாக்கியத்துக்குப் பொருள் கொள்ள ஆகாங்க்ஷை, யோக்யதை, ஸந்நிதி என்பவற்றோடு தாத்பர்யமும், அதாவது சொல்பவனுடைய கருத்தும், தெரிய வேண்டும் என்று அவர்கள் கூறுவது இதனால்தான்.

தமிழில் நன்னூலார் விடையை எட்டு வகையாகப் பிரித்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வெளிப்படையான விடைகள். ஏவல், எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் நேரே விடையாக அமையாதவை. ஆயினும் விடைப்பொருளைத் தருவதால் விடைகளாகவே கொள்ளப்படுபவை. "ஸேவிக்க வருகிறீரா?" என்று ஒருவர் கேட்க, "முழங்கால் வீங்கியிருக்கிறது" என்று மற்றவர் சொல்கிறார். இவ்விடையில் வருகிறேன் என்பதும் இல்லை, வரவில்லை என்பதும் இல்லை. ஆயினும் கேட்டவர்க்கு விளங்கிவிட்டது. இது உற்றது உரைத்தல். க்ரைஸ் சொன்ன தேடலைத்தான் கேட்டவர் இங்கே நொடிப்பொழுதில் செய்துமுடிக்கிறார்.

வினாவையும் அவ்வாறே அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுத்தனர். ஆசிரியர் மாணவனிடம் பாசுரத்தின் பொருள் கேட்பது தமக்குத் தெரியாமல் அன்று, அது அறிவினா. மாணவன் அதையே ஆசிரியரிடம் கேட்டால் அறியாவினா. சொற்கள் மாறவில்லை; கேட்பவர் மாறினார், வினாவின் இனமும் மாறிவிட்டது.

நம் வ்யாக்யானங்களுக்குள்ளேயே இப்படிப்பட்ட சொற்கள் உண்டு. 'பெருமாள்' என்று கோயிலில் ஒருவர் சொன்னால் எதிரே ஸேவை ஸாதிக்கும் எம்பெருமானைக் குறிக்கும். வ்யாக்யானத்தில் அதே சொல் பெரும்பாலும் சக்ரவர்த்தித் திருமகனைக் குறிக்கும். 'திருவடி' என்பது எம்பெருமானுடைய திருப்பாதங்களுக்கும் பெயர், அநுமனுக்கும் பெயர். புதிதாகப் படிப்பவர் இங்கே தடுமாறினால் அது அவர் குற்றமன்று. சூழல் இன்னும் அவர்க்குப் பழக்கமாகவில்லை, அவ்வளவே.

3. யார், யாரிடம் சொல்கிறார்?

அவதாரிகை பெரும்பாலும் நான்கு கேள்விகளுக்கு விடை தருகிறது. சொல்பவர் யார்? யாரை நோக்கிச் சொல்கிறார்? எந்த இடத்தில், எந்தச் சமயத்தில்? இதனால் என்ன செய்கிறார்?

திருவாய்மொழியின் நூறு திருவாய்மொழிகளில் இருபத்தேழு பெண்பேச்சாக அமைந்தவை. அவற்றுள் பதினேழு மகள் பேச்சு, ஏழு தாய்ப் பேச்சு, மூன்று தோழி பேச்சு. இப்பகுப்பைத் தெரிந்துகொள்ளாமல் வரியை மட்டும் எடுத்தால், தாய் சொன்னதை மகள் தலையிலும், மகள் சொன்னதைத் தோழி தலையிலும் ஏற்றிவிடுவோம். ஆசார்ய ஹ்ருதயத்தில் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் இம்மூன்று நிலைகளையும் திருமந்த்ரத்தின் மூன்று பதங்களோடு பொருத்திக் காட்டுகிறார். எம்பெருமானோடுள்ள ஸம்பந்தத்தை அறிந்த நிலை தோழி. அவனே உபாயம் என்று உறுதியாக இருக்கும் நிலை தாய். அவனை அடையப் பதறும் நிலை மகள். இப்படியிருக்க, யார் பேச்சு என்று தெரியாமல் அர்த்தம் சொல்லுவது எங்ஙனே?

இங்கே அடியேன் செய்த பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், இணையவழியாக நடக்கும் காலக்ஷேப கோஷ்டி ஒன்றில், ஏழாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியைப் பற்றிச் சில வார்த்தைகள் விண்ணப்பிக்க அடியேனுக்கு வாய்ப்புக் கிடைத்தது. பெரிய பெருமாளை நோக்கியது அது. வெளிநாட்டில் வளர்ந்த இளைஞர் ஒருவர் கேட்டார்: "பெருமாளுக்கு நேரே நின்று, 'இவள் விஷயத்தில் என்ன நினைத்திருக்கிறாய்' என்கிற பாவனையில் கேட்பது அபசாரம் ஆகாதா?" அடியேனுக்கு உள்ளூரச் சினம் வந்தது. "ஆழ்வார் திருவாக்கை அப்படியெல்லாம் கேட்கலாகாது" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். அந்த இளைஞர் அதன்பின் வாய் திறக்கவில்லை. இரண்டு வாரங்களில் வருவதையும் நிறுத்திவிட்டார்.

பிறகு அவதாரிகையை எடுத்துப் பார்த்தபோதுதான் அடியேனுக்கு உறைத்தது. அத்திருவாய்மொழி தாய்ப் பேச்சு. பிரிவாற்றாமல் கிடக்கும் மகளைக் கண்முன்னே வைத்துக்கொண்டு, காப்பாற்றக் கடவவன் எவனோ அவன் திருமுன்பே நின்று தாய் கேட்கிறாள். வடிவத்தில் அது வினா. ஆனால் விடை வேண்டிக் கேட்ட வினாவன்று. மருத்துவர் முன்னே குழந்தையைக் கிடத்திவிட்டு, "என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்கும் தாய் சிகிச்சை முறையையா விசாரிக்கிறாள்? 'உம்மை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்' என்பதே அவள் சொல்வது. குறைசொல்வதுபோல் தோன்றும் அச்சொல்லுக்குள் இருப்பது அவனே உபாயம் என்னும் உறுதி. நாயனார் தாய் நிலைக்குச் சொன்னதும் அதுதானே!

அந்த இளைஞர் கேட்டது ஐயவினா. அதை அடியேன் குறைகூறலாகக் கேட்டேன். வ்யாக்யாதாக்களோ அதே ஐயத்தைத் தாங்களே எழுப்பி, 'இங்கு இப்படிச் சொல்லுவானென்?' என்று கேட்டுக்கொண்டு ஸமாதானம் அருளிச்செய்வதை வழக்கமாகக் கொண்டவர்கள். பூர்வாசார்யர்கள் கேட்கும் முறையில் ஒரு பிள்ளை கேட்டதை அடியேன் அபசாரம் என்று தடுத்துவிட்டேன்.

4. சொல்லால் என்ன செய்கிறார்?

வாழ்த்து என்பது சொல்லால் செய்யும் செயல். அதற்குச் சில தகுதிகள் வேண்டும். பெரியவர் சிறியவரை வாழ்த்துவது உலக வழக்கம். அப்படியிருக்க, காலத்துக்கு அப்பாற்பட்டவனான ஸர்வேச்வரனைப் பார்த்துப் பெரியாழ்வார் பல்லாண்டு பாடியது எப்படிப் பொருந்தும்? சொற்பொருளை மட்டும் பார்த்தால் இருவகையில் பொருந்தவில்லை. வாழ்த்துபவர் சிறியவர், வாழ்த்தப்படுபவனுக்கோ ஆயுளைக் கூட்ட வேண்டியதில்லை.

சூழலைப் பார்ப்போம். பாண்டியன் வல்லபதேவன் சபையில் பரதத்வ நிர்ணயம் செய்து பொற்கிழியைப் பெற்ற ஆழ்வாரை யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்விக்கிறார்கள். அவ்வைபவத்தைக் காண எம்பெருமான் பெரிய பிராட்டியாரோடு கருடன்மேல் எழுந்தருளிக் காட்சி கொடுக்கிறான். கண்ட ஆழ்வாருக்குத் தம் பெருமை நினைவில் இல்லை. அவனுடைய பெருமையும் நினைவில் இல்லை. பொல்லாங்கு நிறைந்த இவ்வுலகில் இவ்வழகுக்குக் கண்ணெச்சில் பட்டால் என்னாகும் என்ற அச்சமே மேலிடுகிறது. யானையின் கழுத்து மணிகளையே தாளமாகக் கொண்டு பாடத் தொடங்குகிறார்.

ஞான தசையில் காப்பவன் அவன், காக்கப்படுபவன் ஜீவன். ப்ரேம தசையில் இது தட்டுமாறும் என்று ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் காட்டியருளினார். படைத்தலைவனாகப் போர்முனைக்குப் புறப்படும் மகனிடம், "பார்த்துப் போ" என்று சொல்லும் தாய், அவன் வீரத்தை அறியாமல் சொல்கிறாளா? வாழ்த்தின் தகுதி இங்கே வயதும் ஆற்றலும் அன்று, பரிவு. பொருந்தாததுபோல் தோன்றிய இடத்தில்தான் ஆழ்வாருடைய ஏற்றமே வெளிப்படுகிறது. அவதாரிகை இல்லையேல் இதை நாம் தவறென்றோ வெறும் உபசாரமென்றோ கடந்து போயிருப்போம்.

5. எந்த இடத்தில், எந்தச் சமயத்தில்?

ஒரே வார்த்தையை ஒரே சமயத்தில் பலர் கேட்டுப் பலவிதமாகப் பொருள் கொண்ட இடம் ஒன்று ஸ்ரீராமாயணத்தில் உண்டு. யுத்த காண்டத்தில் ஸ்ரீவிபீஷணாழ்வான் நான்கு பேரோடு கடலைக் கடந்து வந்து, ஆகாயத்திலேயே நின்று, தன்னை அறிவிக்கிறான். தீய ஒழுக்கமுடைய ராவணனுக்குத் தான் தம்பி என்பதையே முதலில் சொல்கிறான். பிராட்டியைத் திருப்பிக் கொடுக்கும்படி தான் பலமுறை சொல்லியும் அவன் கேளாமல் அவமதித்தான் என்றும், மனைவி மக்களைத் துறந்து ராகவனைச் சரணமாக அடைந்தேன் என்றும் சொல்லி, விரைவில் விண்ணப்பம் செய்யும்படி வேண்டுகிறான்.

கேட்ட மஹாராஜராகிய ஸுக்ரீவர், இவன் பகைவன் தம்பி, ஒற்றன், கொல்லத் தக்கவன் என்கிறார். பெருமாள் முதலிகளின் கருத்தைக் கேட்கிறார். அது அறியாமையால் கேட்ட வினாவன்று. தோழர்களைப் பெருமைப்படுத்தக் கேட்டது. அங்கதன், குணமும் குற்றமும் ஆராய்ந்து கொள்க என்கிறான். சரபன், ஒற்றனை அனுப்பிப் பார்க்கலாம் என்கிறான். மைந்தன், இனிய சொல்லால் மெல்ல விசாரிக்கலாம் என்கிறான்.

இவர்களுள் ஜாம்பவானும் திருவடியும் சொன்னவற்றை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஜாம்பவான், "வரத் தகாத இடத்தில், தகாத காலத்தில் வந்திருக்கிறான், ஆகவே ஐயுறத் தக்கவன்" என்னும் கருத்தைச் சொல்கிறார். திருவடியோ, "இதுவே தக்க இடம், இதுவே தக்க காலம்" என்கிறார். ராவணனிடம் தீமையையும் பெருமாளிடம் பராக்ரமத்தையும் கண்டு, வாலி வீழ்ந்ததையும் ஸுக்ரீவர் முடிசூடியதையும் கேட்டு, நல்லறிவுள்ளவன் வரவேண்டிய நேரம் இதுதான் என்பது அவர் வாதம். பேச்சில் கபடம் தெரியவில்லை, முகம் தெளிவாக இருக்கிறது, உள்ளத்தை மறைக்க முயன்றாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்றும் சொல்கிறார். திடீரென்று குறுக்கு விசாரணை செய்தால், நல்லெண்ணத்தோடு வந்தவனும் மனம் கலங்கிப்போவான் என்று எச்சரிக்கவும் செய்கிறார்.

இடமும் காலமும் இருவர்க்கும் ஒன்றே. பொருள் மட்டும் எதிரெதிர். சூழல் என்பது வெளியே கிடக்கும் இடமும் காலமும் மட்டுமன்று. கேட்பவர் உள்ளே வைத்திருக்கும் அறிவும் அதில் சேரும். இலங்கையில் ராவணன் தம்மைக் கொல்ல ஆணையிட்டபோது, தூதனைக் கொல்லலாகாது என்று இதே விபீஷணன் வாதாடியதைத் திருவடி நேரில் கண்டவர். ஜாம்பவானோ கடலுக்கு இக்கரையில் இருந்தவர்.

அப்படியானால் மஹாராஜர் சொன்னது குற்றமா? பூர்வாசார்யர்கள் அவரையும் விட்டுக்கொடுப்பதில்லை. பெருமாளுக்கு என்ன நேருமோ என்று அச்சத்துக்கு இடமில்லாத இடத்திலும் அஞ்சும் பரிவே அவருடைய கடுஞ்சொல்லுக்குக் காரணம் என்பர். 'கொல்' என்று அவர் சொன்னதன் கருத்து 'உமக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே' என்பது. பல்லாண்டு பாடிய பரிவுக்கும் இதற்கும் இனம் ஒன்றே.

முடிவில் பெருமாள் அருளிச்செய்தது இவையெல்லாவற்றுக்கும் மேலானது. நட்பு வேண்டி வந்தவனைக் குற்றமே இருந்தாலும் கைவிடமாட்டேன் என்றார். ஒருமுறை சரணம் என்று வந்தவர்க்கு அபயம் அளிப்பது தம் விரதம் என்றார். வந்தவன் ராவணனே ஆனாலும் அழைத்துவரச் சொன்னார். மற்றவர்கள் 'இவன் சொல் மெய்யா?' என்று ஆராய்ந்தார்கள். பெருமாள் 'சரணம்' என்று அவன் செய்த செயலை ஏற்றுக்கொண்டார்.

6. படிக்கும் முறை

ஆகையால் பாசுரத்தைக் கையில் எடுத்ததும் முதலில் அவதாரிகையைப் படிப்போம். நான்கு கேள்விகளுக்கும் விடையை ஒரு வரியில் எழுதிக்கொள்வோம். முன் பாசுரம் எதில் முடிந்தது என்று பார்ப்போம். பிறகு பதவுரை. பொருந்தாததுபோல் ஏதேனும் தோன்றினால் அதைத் தாண்டிப் போகாமல் அங்கேயே நிற்போம். பெரும்பாலும் உரையாசிரியரும் அங்கேதான் நின்றிருப்பார். கைப்பேசியில் ஒற்றை வரியாக வரும் பாசுரத்தையும் ராமாயண வாக்கியத்தையும் பிறர்க்கு அனுப்புமுன், அதைச் சொன்னவர் யார் என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.

பயிற்சிக்காக மூன்று கேள்விகள்: (1) திருப்பாவையின் பதினைந்தாம் பாசுரம் உரையாடலாக அமைந்தது. அதில் வெளியே நிற்பவர்கள் சொல்வது எது, உள்ளே இருப்பவள் சொல்வது எது என்று பிரித்து எழுதுக. பிறகு வ்யாக்யானத்தோடு ஒப்பிடுக. (2) நீங்கள் நாள்தோறும் அநுஸந்திக்கும் ஒரு பாசுரத்தில் வரும் வினாவை எடுத்து, அது அறுவகை வினாக்களுள் எது என்று காண்க. (3) இந்த வாரம் வீட்டில் யாரேனும் சொன்ன கடுஞ்சொல் ஒன்றை எடுத்து, அதன் அவதாரிகை என்னவாக இருக்கும் என்று யோசிக்க.

மூன்றாம் கேள்வி அடியேனுக்கும் சேர்த்தே. அந்த இளைஞருக்கு அடியேன் கடிதம் எழுதினேன். அவர் கேட்டது வ்யாக்யாதாக்கள் கேட்கும் கேள்வி என்றும், அதைச் சரியாகக் கேட்கத் தெரியாதவன் அடியேனே என்றும் ஒப்புக்கொண்டேன். மறுவாரம் அவர் வந்தார். "ஸ்வாமி, அப்படியானால் இன்னொரு சந்தேகம்" என்று தொடங்கினார். இம்முறை அடியேன் முழுவதும் கேட்டேன்.

அடியேன் ராமாநுஜ தாஸன்